பார்த்தேன்

“லிஃப்ட் அறுந்து விழுந்து மூணு பேர் செத்ததுல, ஆபரேட்டரும் ஒருத்தன். தப்பு அவன் மேலதானான்னு மட்டும் விசாரிக்க ஒரு குழுன்னு உத்தரவு அடிம்மா. கதவைச் சாத்திக்கிட்டு விசாரிக்கட்டும். செத்தவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்லவா போறான்?”

ஆஸ்பத்திரி டைரக்டர் சொல்ல, டைப்பிஸ்ட் குறித்துக்கொண்டாள்.

உத்தரவை அவள் நீட்டியபோது அவர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை தாம்தூம் என்று குதித்தார்.

“பகிரங்க விசாரணைன்னு வாசல்ல ஒட்டியிருக்கு! முதல்ல விசாரிக்க வேண்டிய ஆள் நானாம்! யாரைக் கேட்டு அடிச்சே?”

“நீங்கதான் ‘பார்த்தேன்’னு போட்டிருக்கீங்களே சார். பத்திரிகைக்கும் அனுப்பியாச்சு.”

“நான் எங்கேம்மா படிச்சேன்? நீட்டின இடத்துல போட்டேன்!”

“அதை அப்படியே விசாரணையில சொல்லுங்க சார்.” அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. “லிஃப்ட் கயிறு தேஞ்சுபோச்சுன்னு ஆபரேட்டர் எழுதிக் கொடுத்த காகிதத்துலயும் ‘பார்த்தேன்’னுதான் போட்டிருக்கீங்க.”

“அந்தக் காகிதம் உன்கிட்ட எப்படி வந்துச்சு?”

“எங்க அண்ணன் சட்டைப்பையில இருந்துச்சு சார்.”