குதிகால் பூட்டு

ஷூ தைக்கும் கடையில் புது மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறார். அந்தக் காலில் இரண்டு விரற்கடை குதிகால் வைத்த புது ஷூ. மற்றது வெறுங்கால், அந்தரத்தில் ஆடுகிறது. கட்டிக்கொள்ளப்போகும் பெண் தன்னைவிட உயரம் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தெருவுக்கே தெரியும் என்பது வேறு விஷயம். இடது ஷூவுக்குள் கால் வடிவ மர அச்சு உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. பசை காயும்வரை குதிகாலை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு தேய்ந்துபோனதால், கடைக்காரர் இன்றுதான் புதிது மாற்றியிருக்கிறார். பழையதைத் திருகிய பக்கமே இதையும் திருக, அது மேலும் இறுகுகிறது. "சீக்கிரம்ணே, அவ வந்துடுவா!" என்று பதறுகிறார் மாப்பிள்ளை. தையலிலிருந்து நிமிராமலே கடைக்காரரின் மனைவி சொல்கிறாள்: "புதுசுல்ல, அதுக்கும் மாப்பிள்ளை முறுக்கு இருக்கும். அந்தப் பக்கம் திருகுங்க." திருகுகிறார், பூட்டு விடுகிறது, இழுத்த வேகத்தில் ஷூ கைநழுவிப் பறந்து வாசலில் குப்புற விழுகிறது. அங்கே மணப்பெண் நிற்கிறாள். எடுத்துப் பார்க்கிறாள், குதிகாலை விரல்வைத்து அளக்கிறாள். ஆடிக்கொண்டிருந்த வெறுங்கால் அப்படியே நின்றுவிடுகிறது. "அண்ணே," என்கிறாள் கடைக்காரரிடம், "இன்னும் ஒரு விரக்கடை ஏத்துங்க. கல்யாணத்தன்னைக்கு நானும் ஹீல்ஸ்தான் போடப்போறேன்."