வாத்தின் மீன் போட்ட சாக்ஸ்

குளிர்காலம் வந்தது. தூக்கணாங்குருவி குரோஷா ஊசியில் சாக்ஸ் பின்னுகிறது என்று கேள்விப்பட்டு, வாத்து அளவு கொடுக்கப் போனது.

"மீன் மீனாகப் போட்டுக் கொடு அக்கா" என்று காலை நீட்டியது. கோழிக் கால் மாதிரி ஒல்லியாகத் தெரியட்டும் என்று, விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டது.

சாக்ஸ் தயாரானதும் வந்து மாட்டிப் பார்த்தது. பக்கத்தில் எருமை ஸ்வெட்டருக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றது.

வாத்து இரண்டடி வைத்தது. குப்புற விழுந்தது. சாக்ஸிலிருந்த மீன்களெல்லாம் தவளை மாதிரி உப்பிப்போயின.

"உனக்கு அளவெடுக்கவே தெரியலை! எருமையண்ணே, நீங்களே சொல்லுங்க."

எருமை வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டியது.

"ஐயோ, கால் மரத்துப்போச்சு! கழற்ற வரலையே!"

"பதறாதே, பின்னல்தானே" என்று குருவி நூல்நுனியைப் பிடித்து இழுத்தது. சாக்ஸ் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. வாத்தின் பாதம் படக்கென்று விரிந்து, தரையில் அகலமாகப் பதிந்தது.

"அப்பாடா!" என்றது வாத்து.

"இதுதான் உன் காலா?"

வாத்து குனிந்து தன் பாதத்தைப் பார்த்தது. பிறகு, "இதேதான்" என்றது.

"அப்படியே வெச்சிரு, மடக்காதே. இவ்வளவு இடமிருந்தா இன்னும் ரெண்டு மீன் போடலாம்."

வாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பக்கத்திலிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. எக்கிப் பிடித்திருந்த எருமையின் வயிறு மெல்லக் கீழே இறங்கியது.

"எனக்கும் இன்னொரு தடவை அளவு எடுத்துடும்மா" என்றது எருமை.