பொம்மையாட்டம்

"அசையாதீங்கணா! கண்ணக் கூட சிமிட்டக் கூடாது. அதான் அவரு வெச்ச ரூலு" என்று வரப்பிலிருந்து கத்தினாள் சரோஜா.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. அதன் நடுவே கைகளை விரித்தபடி செழியன் நின்றிருந்தான். வைக்கோல் திணித்த சட்டை, முகம் முழுக்கச் சுண்ணாம்பு, தலையில் ஒரு உருண்டை சோறு. வேங்கிக்கால் ஆபீசில் ஃபைல் பார்க்கிற மனுஷன் நிற்கிற நிலையா இது!

எல்லாம் சரோஜாவின் கணவன் கோபியின் கண்டுபிடிப்பு. ஏரியில் எருமை மேல் நின்றபடி சவாரி, ஓடிவந்து கிணறு தாண்டுவது என்று விபரீதமாகவே அவனுக்கு யோசனை போகும். இது பொம்மையாட்டம். உச்சிப்பொழுதுக்குள் காக்கா வந்து தலையில் உட்கார்ந்து சோற்றைத் தின்ன வேண்டும்.

"ஏண்டா, வருமா?" உதட்டை அசைக்காமல் கேட்டான் செழியன்.

"கம்முனு நில்லுடா" என்றான் பக்கத்தில் இன்னொரு பொம்மையாக நின்ற நண்பன் பரசுராமன். "கோபிக்கு உம்மேல கோவம் ஜாஸ்தி. நீ செஞ்சது மட்டும் கம்மியா?"

கம்மியில்லைதான். கிணறு தாண்டுகிற அன்று கயிறு பிடிக்க வருவதாகச் சொல்லிவிட்டு, வேலை இருக்கிறதென்று செழியன் போகவில்லை. அன்றோடு கோபி பேச்சை நிறுத்திவிட்டான். இன்றைக்காவது அவன் கோபம் தணியவில்லை என்றால் செழியனுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

கரண்டுக் கம்பியில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. காற்று நின்றுபோயிருந்தது. தூரத்தில் அண்ணாமலையின் உச்சியை மேகம் மூடியிருந்தது.

"மன்னிச்சுடுடா கோபி" என்றான் வாய்விட்டு. "இனிமே நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன். சத்தியமா வர்றேன்."

ஒரு காக்கா மட்டும் கம்பியை விட்டு எழும்பியது. நேராக வந்து அவன் தலையில் உட்கார்ந்தது. நகம் மண்டையில் அழுந்த, நிதானமாகச் சோற்றைக் கொத்தித் தின்றது.

"ஜெயிச்சுட்டடா!" என்று பரசுராமன் கையைத் தூக்கினான்.

சரோஜா வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "ஐயரே, எடுத்துட்டாருங்க! காலையிலேருந்து தொடாத பிண்டத்த எங்க வீட்டுக்காரரு எடுத்துட்டாரு! காரியத்த முடிச்சுடுங்க!"

வரப்போரம் தர்ப்பையோடு காத்திருந்த ஐயர் மந்திரத்தைச் சொல்லி முடித்தார். சோறு தீர்ந்த பிறகும் அந்தக் காக்கா செழியன் தலையை விட்டு இறங்கவேயில்லை.