நசிமியுவின் சம்பளம்

கென்யாவின் நைவாஷாவில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் வஃபுலா, பக்கத்துத் தோட்ட முதலாளியம்மா செபெட்டின் அலுவலகத்துக்குள் ஆவேசமாக நுழைந்தார்.

“சம்பளத்த ஏத்தி என் சூப்பர்வைசர் நசிமியுவ இழுத்துட்டியே, வெக்கமா இல்ல?”

“குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் தர்றேன். அவங்களாத்தான் வந்தாங்க.”

“பதினேழு வருஷமா என் பேக்கிங் ஷெட்ட ஒத்த ஆளா பாத்துக்கிட்டவ! நன்றி கெட்டவ!”

“நீங்க எவ்வளவு குடுத்தீங்க?”

சத்தம் கேட்டு வந்த நசிமியு, கையுறையைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

“ஒரு ஷில்லிங்கூடக் குடுத்ததில்ல மேடம். கேட்டா, ‘கட்டின பொண்டாட்டிக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?’ன்னு சிரிப்பாரு.”

பிறகு வஃபுலாவிடம் திரும்பினாள்.

“சோளமாவுல உகாலி கிண்டி மூடி வச்சிருக்கேன், போய்ச் சாப்பிடுங்க. பிள்ளைங்களையும் பாத்துக்கங்க. எனக்கு அஞ்சு மணிக்குத்தான் வேலை முடியும்.”