அரசனின் மீசை

பன்னிரண்டு வருடமாக வெர்லின் என்பவரின் தோட்டத்துக்குப் பொம்மை ரயில் சாமான் விற்கிறவன் நான். ஒஹாயோவிலேயே என்னிடம் பேரம் பேசாத ஒரே ஆள் அவர்தான்.

அதற்குச் சற்று முன்புதான் அவர் மனைவி எட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு ராய்ஸ் என்பவனோடு போய்விட்டாள். பையனின் கட்டிலுக்கடியில் ஒரு படம் கிடைத்தது. டிராகன் குகை, குள்ளர் சுரங்கம், மலைமேல் ராணி, கீழே ஸ்டேஷனில் அவளுக்காகக் காத்திருக்கும் அரசன். அந்த ராஜ்ஜியத்தையே வெர்லின் தோட்டத்தில் கட்டி ரயில் விட்டார்.

அரசன் பொம்மைக்குத் தன் முகத்தையே தீட்டினார்.

"படத்துல மீசை இருக்கேய்யா?" என்றேன்.

"எனக்கு ஏது மீசை? கழுதை, தப்பா வரைஞ்சிருக்கான்!" என்று சிரித்தார்.

இந்த வருடம் ரயில் கிளப்காரர்கள் தோட்டம் பார்க்க வந்த நாளில், கெஞ்சிக் கூப்பிட்டதற்கு மகன் டிரெவரும் வந்தான்.

"உன் ராஜ்ஜியம்டா! நீ வரைஞ்சப்ப நான் திரும்பிக்கூடப் பாக்கல. அதுக்குத்தான் இவ்வளவும். இனிமே அடிக்கடி வருவேல்ல?"

அவர் நீட்டிய படத்தை டிரெவர் வாங்கிப் பார்த்தான்.

"இது நான் வரைஞ்சதில்லப்பா. நீங்க வேலைக்குப் போனதும் ராய்ஸ் வருவாரு. எனக்கு விளையாட்டு காட்ட அவர் வரைஞ்சது."

அவன் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. வெர்லின் குனிந்து அரசனைக் கையில் எடுத்தார்.

"கறுப்பு பெயிண்ட் வச்சிருக்கியாய்யா?" என்றார். "மீசை வரையணும்."