விட்ட ரெண்டு மார்க்

"பதிமூணு பொறி, கென். பதிமூணும் மூடிக் கிடக்கு. ஒண்ணுலகூட ஒரு ரோமம் இல்ல."

வனக்காவலர் கென் நாற்காலியைக் காட்டியும் லோர்னா உட்காரவில்லை. அந்தச் சின்ன அலுவலகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ரக்கூன் பிடிக்க அரசு அனுமதிக்கும் சீசனின் முதல் நாள், சனிக்கிழமை, காலை எட்டு மணி.

"யாரு பண்ணதுன்னு தெரியுமா?"

"டுவேன். வேற யாரு? அவர் இடது பூட்ஸ்ல குதிகால் தேஞ்சிருக்கும்ல, அந்தத் தடம் ஓடை நெடுக சேத்துல உறைஞ்சு கிடக்கு. நேத்து சாயந்தரம் மூணு தடவை போன் வேற. ஓடைக்காகச் சண்டை போடத்தான். நான் எடுக்கவே இல்ல."

ஓடை கண்டர்சன் அம்மாவின் நிலத்தில் ஓடுகிறது. பதினைந்து வருஷமாக அங்கே பொறி வைத்தவர் டுவேன். இந்த வருஷம் லோர்னா முந்திக்கொண்டு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

அவளுக்கும் வேறு வழியில்லை. ஜூலையில் பேப்பர் மில்லை மூடிவிட்டார்கள். ரக்கூன் தோலை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று யாரோ சொல்ல, இறங்கிவிட்டாள். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஓர் எலியைப் பிடிக்கக்கூட மாநில அரசு ஏழு கதவு வைத்திருப்பது. இரண்டு நாள் வகுப்பு, பரீட்சை, லைசென்ஸ், ஒவ்வொரு பொறிக்கும் பேர் வெட்டிய செப்புத் தகடு, தினமும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டளை.

பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினாள். வகுப்பில் அவள்தான் முதல். விட்ட ரெண்டு மார்க் எந்தக் கேள்வியில் என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலாவதாக வந்தவளுக்கு அது எதற்கு?

"ரூல் புத்தகத்துல நாப்பத்தோராம் பக்கம், கென். அடுத்தவங்க பொறியத் தொட்டா ஒரு வருஷம் லைசென்ஸ் கிடையாது."

"புத்தகம் என்கிட்டயும் இருக்கு, லோர்னா."

கென் போன் செய்தார். எதிர்த்த கடையிலிருந்து டுவேன் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயசு, மூன்று நாள் தாடி. லோர்னா பக்கம் திரும்பவே இல்லை.

"ஓடையில இருந்த பொறியெல்லாம் மூடினது நீயா?"

"ஆமா, நான்தான்."

மறுப்பார், கத்துவார் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்து வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஏன்?"

"பதினஞ்சு வருஷமா என் ஓடை. நேத்து வந்தவ தட்டிட்டுப் போயிட்டா. வயித்தெரிச்சல். எழுதிக்கோ."

"எப்ப மூடின?"

"இன்னிக்குக் காலைல ஆறரை இருக்கும். இவ ஆறு மணிக்கு வச்சுட்டுப் போனா. பின்னாடியே போயி ஒரு குச்சியால தட்டி மூடிட்டேன்."

லோர்னாவின் நடை நின்றது. ஆறு மணிக்கு அவள் போனது பொறி வைக்க அல்ல, விழுந்ததை எடுக்க.

"இல்லையே, நான்..."

"நீ சும்மா இரும்மா. கேட்டது என்கிட்ட."

கென் டுவேன் பெயரை எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"டுவேன், விடியக்காலைல நான் அந்தப் பக்கம் போனேன். ராத்திரிக் குளிர்ல சேறு உறைஞ்சு கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. ஆறரைக்கு அதுல உன் தடம் எப்படிப்பா விழும்? நேத்து பொழுது சாயறதுக்குள்ள நடந்திருக்கணும்."

"நான் கொஞ்சம் கனமான ஆளு."

கென் சிரிக்கவில்லை. லோர்னாவைப் பார்த்தார்.

"சீசன் இன்னிக்குக் காலைல ஆறு மணிக்குத்தான் ஆரம்பம். பிடிக்கிறதுக்கு மட்டும் இல்ல, பொறி வைக்கிறதுக்கும் அதான் நேரம். அதுக்கு முன்னாடி வச்சா, முதல் வருஷக்காரங்களுக்கு மூணு வருஷம் லைசென்ஸ் போயிடும். டுவேன் சொல்ற மாதிரி காலைலதான் வச்சீங்கன்னா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம். சொல்லுங்க, எப்ப வச்சீங்க?"

விட்ட ரெண்டு மார்க் எந்தக் கேள்வியில் என்று லோர்னாவுக்கு இப்போது தெரிந்தது. முந்தின நாளே வைத்தால் என்ன, விழுவது சனிக்கிழமைதானே என்று எழுதியிருந்தாள். அப்படியேதான் செய்தும் வைத்திருந்தாள்.

'காலைல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் குளிர்காலம் தப்பிக்கும். ஓடை அவளுக்கே. டுவேன் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. காலையிலிருந்து அவள் ஆசைப்பட்டதும் அதைத்தான்.

டுவேன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

லோர்னா முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்து. மத்தியானம் மூணு மணிக்கு."

பர்ஸிலிருந்து புத்தம் புது லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

கென் காகிதத்தில் டுவேன் பெயரை அடித்துவிட்டு, லைசென்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டுவேன் கோப்பையை நங்கென்று மேஜைமேல் வைத்தார்.

"இப்ப வாயைத் திறக்கிறியே, சீசன் ஆரம்பிக்கல, பொறிய எடுன்னு சொல்ல நேத்து மூணு தடவை போன் அடிச்சேனே, அதுல ஒரு தடவை ஹலோ சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"