பிரித்த தையல்

ஏழு வயது இதழினியின் இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய், தொடங்கும் இடத்தில் நூல் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இதயத்தை நிறுத்திவைத்து, அதன் மேலுறையிலிருந்தே நகக்கண் அளவு துண்டை வெட்டி ஒட்டுப்போட்டு, குழாயின் வாயை அகலமாக்கித் தைத்தார் டாக்டர் பர்வீன். இருபது வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் கருவிகள் எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் எமல்டா அவ்வளவு நேர்த்தியான தையலைப் பார்த்ததில்லை. இதயம் மறுபடி துடித்தது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பர்வீன் மட்டும் குனிந்தபடியே இருந்தார். இதயத்தின் இடப்பக்கத்தில் ஒரு ஓரம் சோம்பலாக அசைந்தது.

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும் மேடம்," என்றார் உதவி டாக்டர்.

"ஆகாது. என் தையல் குழாயை இழுக்குது, அந்த ஓரத்துக்கு ரத்தம் சரியா போகல. இதயத்தை மறுபடி நிறுத்துங்க."

தான் போட்ட பதினான்கு முடிச்சுகளையும் அவரே வெட்டினார். எமல்டா புது நூலை எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை தைத்து முடித்ததும் அந்த ஓரமும் சேர்ந்து துடித்தது.

வெளியே காத்திருந்த இதழினியின் அம்மாவிடம் பர்வீன் சொன்னார்: "முதல்ல நான் தைச்சது சரியா அமையலம்மா. பிரிச்சு மறுபடி தைச்சேன். அதான் இவ்ளோ நேரம். இப்ப நல்லா துடிக்குது. நாளைக்கு வரைக்கும் பக்கத்துலயே இருந்து பார்க்கணும்."

முதல் தையலைப் பற்றிச் சொல்லும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. பின்னால் நின்ற எமல்டா, அம்மா கத்தப்போகிறாள் என்று நினைத்தார். அம்மா டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "காலையிலேர்ந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.